சாதுப் பாம்பு என்றொரு சரடு

பாம்பு வளர்க்கலாமா என்று அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ யாரிடமாவது கேட்டுப்பாருங்கள். ஒரே பதில்தான் வரும்: பால் பைத்தான் (ball python) வாங்குங்கள். செல்லப்பிராணிக் கடைக்காரர் சொல்வார், ஊர்வனக் கண்காட்சியில் மேசை போட்டு விற்பவர் சொல்வார், வாங்கி ஒரு வருடம்கூட ஆகாதவரும் சொல்வார். காரணங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கடிக்காது. ஐந்தடிக்கு மேல் வளர்வது அபூர்வம். வாரத்துக்கோ பத்து நாளைக்கோ ஓர் எலி. அதுவும் போடாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. குரைக்காது, முடி கொட்டாது, காலையில் எழுந்து கூட்டிக்கொண்டு நடக்க வேண்டாம். சின்னப் பெட்டியே போதும். பெரிய பெட்டியில் விட்டால்தான் மிரளும். ஆகவே முதன்முதலாகப் பாம்பு வளர்ப்பவருக்கு இதைவிட ஏற்றது இல்லை.

இந்தப் பட்டியலில் அப்பட்டமான பொய் என்று ஒன்றைப் பிரித்துக் காட்டுவது கடினம். ஆனாலும் கடைசி வரி தவறு என்பது என் கட்சி. புதிதாக வளர்க்க வருகிறவர் தப்பு செய்வார், செய்யத்தான் செய்வார். அந்தத் தப்பை அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும் பிராணிதான் அவருக்கு வேண்டும். பால் பைத்தான் காட்டிக்கொடுக்காது. மாதக்கணக்கில் வாய்மூடித் தாங்கிக்கொண்டு கிடந்துவிட்டு, ஒருநாள் படுத்துவிடும். அது தாங்குவதைப் பார்த்துவிட்டு ‘வளர்க்க எளிது’ என்கிறோம்.

இதன் சொந்த ஊர் செனகலிலிருந்து உகாண்டா வரை நீளும் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. புல்வெளி, காட்டோரம், வயல்காடு எல்லாவற்றிலும் இருக்கும். பகலில் கறையான் புற்றிலோ எலி வளையிலோ கிடந்துவிட்டு இருட்டியபின் வெளியே வரும். எதிரி நெருங்கினால் சீறிப் பாயாது. உடம்பைப் பந்தாகச் சுருட்டித் தலையை நடுவில் புதைத்துக்கொள்ளும். கழுதைப்புலிக்கும் பருந்துக்கும் மனிதனுக்கும் அது காட்டும் எதிர்ப்பு அவ்வளவுதான். கடிக்காத பாம்பு என்று நாம் மெச்சிக்கொள்வது, பயம் முற்றிய பாம்பு என்ன செய்யுமோ அதைத்தான்.

நியூ ஜெர்சியில் என் அண்ணன் மகன் ஒன்று வளர்த்தான். கையில் எடுத்து வைத்துக்கொண்டு, “பாருங்க சித்தப்பா, எவ்வளவு அமைதியா இருக்கு, என்னை நல்லா தெரிஞ்சுபோச்சு அதுக்கு” என்றான். நான் பாம்பின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து பின்னுக்கு இழுத்து வளைந்திருந்தது. நாக்கு வெளியே வரவே இல்லை. விலாப்பக்கம் மட்டும் வேகவேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றுப்புறத்தைத் தெரிந்துகொள்ள விரும்பும் பாம்பு நாக்கை நீட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு மூக்கும் அதுதான், நாளிதழும் அதுதான். நாக்கை உள்ளே வைத்துக்கொண்டு விறைத்துக் கிடப்பது, இந்தக் கண்டம் எப்போது நீங்கும் என்று காத்திருப்பது. அவனிடம் சொன்னேன். “அப்படின்னா ஏன் கடிக்கல?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. வேறு ஜாதிப் பாம்பாக இருந்தால் கடித்திருக்கும், அவனும் கீழே விட்டிருப்பான், ஒரு வாரத்துக்குத் தொடாமல் இருந்திருப்பான். பாம்புக்கும் நல்லதாகப் போயிருக்கும்.

பட்டினி விஷயத்துக்கு வருவோம். இந்தச் சரடில் எனக்கு அதிகக் கோபம் வருவது இங்கேதான்.

பால் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கக்கூடியது. உண்மை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பாம்பு உணவைத் திரும்பியும் பார்க்காது. முட்டையிட்ட தாய் அவற்றைச் சுற்றிச் சுருண்டு ஏறத்தாழ இரண்டு மாதம் அடைகாக்கும். அதுவரை பெரும்பாலும் பட்டினிதான். தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் பாம்புக்கு இல்லாததால், நம்மைப்போல மூன்று வேளைக்கு அடுப்பெரிக்க வேண்டியதில்லை. இவ்வளவும் சரி.

ஆனால் அதே பாம்பு பெட்டியில் சூடு போதாவிட்டாலும் சாப்பிடாது. ஒளிந்துகொள்ள இடம் இல்லாவிட்டாலும் சாப்பிடாது. சுவாசத் தொற்று வந்தாலும், வாய்க்குள் புண் வந்தாலும், குடலில் புழு இருந்தாலும் சாப்பிடாது. அடிக்கடி எடுத்துக் கொஞ்சினாலும் சாப்பிடாது. கொடுக்கிற எலி சரியாகச் சூடேறாமல் இருந்தாலும் தொடாது. அதன் மேலுதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணர்பவை. உறைபெட்டியிலிருந்து எடுத்த எலியை வெந்நீரில் போட்டு, தலைப்பக்கம் கதகதப்பாகும்வரை வைத்திருந்து, இடுக்கியால் பிடித்து லேசாக ஆட்டினால்தான் அது இரை. இல்லாவிட்டால் ஈரமான ஒரு பொருள். இத்தனை காரணங்களுக்கும் ஒரே அறிகுறி. ஆரோக்கியமான பாம்பும் எலியிடமிருந்து தலையைத் திருப்பிக்கொள்கிறது, சாகப்போகிற பாம்பும் அப்படியே திருப்பிக்கொள்கிறது.

இதில் எது எது என்று பிரித்துச் சொல்லப் பழகிய கண் வேண்டும். முதுகெலும்பு மேடிட்டு வருகிறதா, பக்கவாட்டுத் தோலில் மடிப்பு விழுகிறதா, மூச்சுவிடும்போது சளி உடைகிற சத்தம் கேட்கிறதா, தலையை வானத்தைப் பார்த்துத் தூக்கியபடியே வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எடை போட்டு எழுதி வைத்திருந்தால் இன்னும் உத்தமம். இந்தக் கண் புதியவருக்கு இருக்காது; இருந்தால் அவர் புதியவர் இல்லை. அவர் போய்க் கேட்டால் என்ன பதில் கிடைக்கிறது? “பால் பைத்தான் அப்படித்தான், கவலைப்படாதீங்க.” பல வருடம் வளர்த்துத் தேர்ந்தவருக்குப் பொருந்தும் ஆறுதலைத் தூக்கி நேற்று வாங்கியவரிடம் கொடுக்கிறார்கள். வாங்கியவரும் கவலைப்படாமல் இருக்கிறார். 2014இல்தான் பால் பைத்தான்களின் நுரையீரலைத் தாக்கும் நிடோவைரஸ் வகை ஒன்று முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அதற்கு முன் எத்தனை பாம்பு ‘அப்படித்தான்’ கணக்கில் போயிருக்கும்!

சாப்பிடவில்லையே என்று பதறுகிற புதியவர் அடுத்து செய்யும் காரியம் இன்னும் மோசம். உயிருள்ள எலியை வாங்கிவந்து பெட்டிக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார். பசியில்லாத பாம்பும் பசியுள்ள எலியும் ஒரே பெட்டியில். காலையில் பார்த்தால் எலி பாம்பின் முதுகைக் கொறித்திருக்கும், சில சமயம் எலும்பு தெரிய. அப்போதும் பாம்பு சுருண்டுதான் கிடந்திருக்கும்.

‘சின்னப் பெட்டியே போதும்’ என்பதை இந்தத் தொழிலின் அடித்தளம் என்றே சொல்லலாம். பெரிய பண்ணைகளில் பீரோ இழுப்பறைபோல் அடுக்கிய பிளாஸ்டிக் தட்டுகளில் பாம்புகளை வைத்திருப்பார்கள். ஒரு தட்டுக்கு ஒரு பாம்பு, அடியில் காகிதம், ஒரு தண்ணீர்க் கிண்ணம். வெளிச்சம் இல்லை, ஏற எதுவும் இல்லை, பல தட்டுகளில் உடம்பை முழுதாக நீட்ட இடமில்லை. காரணம் கேட்டால், காட்டில் புற்றுக்குள்தானே கிடக்கிறது, இறுக்கம்தான் அதற்குப் பாதுகாப்பு என்பார்கள். நம் ஊரில் புற்றுக்குப் பால் ஊற்றும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், புற்றுக்குள் இருக்கும் பாம்பு ராத்திரி வெளியே போகும் என்று. ஒருவன் தூங்குகிற அறையைப் பார்த்துவிட்டு, அவனுக்கு வீடே இவ்வளவுதான் என்று முடிவு கட்டிய கதை இது.

லூக்கா லூயிசெல்லியும் பிரான்செஸ்கோ ஆஞ்செலிசியும் தென்கிழக்கு நைஜீரியாவில் இந்தப் பாம்புகள் என்ன தின்கின்றன என்று ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார்கள். பெரிய பெண் பாம்புகள் பெரும்பாலும் எலி போன்ற பாலூட்டிகளைத் தின்றன. சிறிய ஆண் பாம்புகளின் இரையில் பறவைகளே அதிகம். பறவை புற்றுக்குள் வந்து மாட்டிக்கொள்வதில்லை. மரமேறுகிற பாம்பை, மரமே தெரியாத பாம்பு என்று சொல்லித்தான் இழுப்பறையில் வைத்திருக்கிறார்கள். 2021இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் வேறொரு வேலை செய்தார்கள்: பால் பைத்தான்களை இழுப்பறைத் தட்டிலும், பிறகு கிளையும் மண்ணும் தண்ணீரும் உள்ள பெட்டியிலும் வைத்து நடத்தையைக் குறித்தார்கள். இடம் கொடுத்ததும் அவை ஏறின, தோண்டின, தண்ணீரில் கிடந்தன. தட்டிலோ அர்த்தமில்லாமல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிற நடத்தை தென்பட்டது.

பெரிய பெட்டியில் விட்டால் மிரளும் என்பதும் அரைகுறை உண்மைதான். வெறும் பெரிய பெட்டியில் விட்டால் மிரளும். ஒளிய இரண்டு மூன்று இடம், ஏறக் கிளை, நிழல், இலை எல்லாம் வைத்த பெரிய பெட்டியில் மிரளாது. ஆனால் அதைச் செய்யச் செலவாகும். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். ஒரு முனையில் 32 டிகிரி சூடு, மறுமுனையில் 26. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் குறையாமல். சூட்டுத் தகடு கட்டுக்கடங்காமல் கொதித்து வயிற்றைப் பொசுக்கிவிடாமல் இருக்க ஒரு தெர்மோஸ்டாட். சாதாரண நிறப் பாம்பு மலிவாகக் கிடைக்கும். அதன் வீடு அதைவிடப் பல மடங்கு. பாம்பை விற்றுவிட்டு வீட்டைப் பற்றிப் பேசினால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்பது விற்பவருக்குத் தெரியும்.

ஈரப்பதம் போதாவிட்டால் என்ன ஆகும்? சட்டை ஒரே துண்டாக உரியாமல் கந்தல் கந்தலாக வரும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிபோன்ற செதில் ஒவ்வொரு முறையும் சட்டையோடு கழன்று வர வேண்டும். வராமல் ஒட்டிக்கொண்டால் கண் மங்கலாகச் சுருக்கம் விழுந்து கிடக்கும். புதியவர் இடுக்கியை எடுத்துக்கொண்டு அதை உரிக்கப் பார்ப்பார். அடியில் இருக்கும் உயிருள்ள செதிலும் சேர்ந்து பிய்ந்துவந்தால் கண் போய்விடும். ஈரத்துணிப் பைக்குள் கொஞ்ச நேரம் விட்டு, பெட்டியின் ஈரப்பதத்தைச் சரிசெய்துவிட்டு, அடுத்த சட்டைவரை பொறுத்திருக்க வேண்டிய விஷயம் அது. ‘ஒன்றும் செய்ய வேண்டாத பாம்பு’ என்று வாங்கியவருக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்?

பாம்பைப் பார்த்ததும் படிக்கிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் நம் ஊர்க்காரர்கள். 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு, அங்கே பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க, செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் வரவழைத்தார்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்றவர்கள் இவர்கள். உள்ளூர் வேட்டைக்காரர்கள் சாலையோரமாக வண்டியில் சுற்றிக்கொண்டிருந்த இடத்தில் இவர்கள் இறங்கிப் புதருக்குள் நடந்தார்கள். தடம், எச்சம், உரிந்த சட்டை பார்த்து முதல் சில நாட்களிலேயே பத்துக்கும் மேல் பிடித்தார்கள். வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலும் இந்த அறிவுதான் மூலதனம். அங்கே பானைக்குள் வைத்த பாம்பை விஷம் எடுத்தபின் மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் பாம்போடு இருப்பவர்களே அதை நெடுநாள் வைத்துக்கொள்வதில்லை என்பதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, அந்தப் பர்மிய மலைப்பாம்புகள் ஃபுளோரிடாவுக்கு எப்படி வந்தன? செல்லப்பிராணியாகத்தான். சாது, பழகும், கையில் எடுக்கலாம் என்று இதே வாய்தான் அவற்றையும் விற்றது. பதினைந்தடிக்கு வளர்ந்ததும் சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பால் பைத்தான் அந்த அளவுக்கு வளராது, அமெரிக்கக் காட்டை விழுங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விற்பனை உத்தி மாறவில்லை. பாம்பின் அளவுதான் மாறியிருக்கிறது.

அடுத்து, ‘எல்லாம் பண்ணையில் பிறந்தவை, காட்டுக்கு ஒரு பாதிப்பும் இல்லை’ என்பார்கள். 1975க்குப் பிறகு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து, குறிப்பாக டோகோ, கானா, பெனின் நாடுகளிலிருந்து, முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பால் பைத்தான்கள் ஏற்றுமதியாகியிருக்கின்றன. அங்கே ‘பண்ணை’ என்பதற்குப் பெரும்பாலும் பொருள், சினைப்பாம்பையும் முட்டையையும் காட்டு வளையிலிருந்து தோண்டி எடுத்துவந்து, குட்டி பொரித்ததும் கப்பலேற்றுவது. 2021இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இந்த இனத்தை அச்சுறுத்தலை நெருங்கும் நிலையில் வைத்தது. இத்தனைக்கும் பெனினில் உய்தா என்ற ஊரில் இந்தப் பாம்புக்குக் கோயில் இருக்கிறது. பாம்புகள் ஊருக்குள் உலவும். வீட்டுக்குள் வந்தால் மரியாதையாக எடுத்துக் கோயிலில் சேர்ப்பார்கள். நம் நாகர் கோயில்களை நினைத்துக்கொண்டால் விளங்கும்.

அமெரிக்கப் பண்ணைகளில் பிறப்பவற்றின் கதை வேறு. 1992இல் முதல் வெள்ளைக் குட்டி பண்ணையில் பொரிந்ததிலிருந்து நிறப்பித்து தலைக்கேறிவிட்டது. இன்று ஆயிரக்கணக்கான நிற வகைகள். அவற்றில் ‘ஸ்பைடர்’ என்று ஒன்று: சிலந்தி வலைபோல் மெல்லிய கோடுகள், பார்க்க அழகு. அந்த மரபணுவோடு தலை ஆட்டமும் கூடவே வருகிறது. தலையைத் திருகிக்கொள்ளும், மல்லாந்து விழும், இரையைக் குறிபார்த்துக் கவ்வ முடியாமல் தவறும். 2022இல் வெளியான ஸ்கேன் ஆய்வில் இவற்றின் உட்காதில், உடம்பின் சமநிலையைக் காக்கும் உறுப்பே கோணலாக உருவாகியிருப்பது தெரிந்தது. இதையும் ‘கொஞ்சம் ஆடும், மற்றபடி நல்லா சாப்பிடும்’ என்று சொல்லிப் புதியவர் தலையில் கட்டுகிறார்கள். நன்றாகச் சாப்பிடுவதுதான் ஆரோக்கியத்துக்குச் சாட்சியாம். சாப்பிடாவிட்டாலும் ஆரோக்கியம்தான் என்று சொன்ன அதே ஆட்கள்!

ஆயுள் கணக்கைச் சொன்னால் பாதிப்பேர் பின்வாங்குவார்கள், அதனால் சொல்வதில்லை. நன்றாக வளர்த்தால் 20, 30 வருடம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்துக்கு 1961இல் வந்த ஒரு பெண் பாம்பு, அறுபது வயது தாண்டி, 2020இல் முட்டையிட்டது. பத்து வயதுப் பையன் பிறந்தநாளுக்குக் கேட்ட பாம்பு, அவன் பிள்ளைகள் பிறந்த பிறகும் இருக்கும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். பாங்காக்கிலிருந்து சென்னை வரும் பயணிகளின் பெட்டிகளில், துணிப்பையில் முடிந்து வைத்த பால் பைத்தான் குட்டிகளைச் சுங்கத்துறை திரும்பத் திரும்பப் பிடிக்கிறது. யாரோ வாங்குகிறார்கள் என்பதால்தானே வருகின்றன? நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைக்க 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது. வெளிநாட்டுப் பாம்பென்றால் கேட்பாரில்லை என்று பலர் நினைத்திருந்த காலம் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போயிற்று. 2023 ஏப்ரல் முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினம் வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும், குட்டி போட்டாலும் செத்தாலும் தெரிவிக்க வேண்டும். அதற்கான விதிகள் 2024இல் வந்தன. பால் பைத்தான் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் சட்டத்தைவிடப் பெரிய சிக்கல், உடம்புக்கு முடியாமல் போனால் அதைத் தொட்டுப் பார்க்கும் கால்நடை மருத்துவரை இங்கே தேடிப் பிடிப்பது. மாட்டுக்கும் நாய்க்கும் பார்ப்பவரிடம் மூச்சு இரைக்கும் பாம்பைக் கொண்டுபோனால் அவர் பாவம் என்ன செய்வார்?

பாம்பை வீட்டில் வைப்பதே பாவம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. நன்றாக வளர்ப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலரும் பால் பைத்தானில் தொடங்கியவர்கள்தான். அதைத்தான் எனக்கெதிராகக் காட்டுவார்கள். ‘எங்கேயாவது தொடங்கத்தானே வேண்டும்?’ தொடங்குங்கள். அமெரிக்கத் தென்கிழக்கிலிருந்து வரும் கார்ன் ஸ்நேக் இருக்கிறது. மெலிந்த உடம்பு, துறுதுறுப்பு. உணவைக் கண்டால் பாய்ந்து வரும். வராவிட்டால் ஏதோ சரியில்லை என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். பெட்டி பிடிக்காவிட்டால் மூடியில் ஓட்டை தேடி ஓடியே போய்விடும். எரிச்சலூட்டும் பாம்பு. தன் குறையை வாய்விட்டுச் சொல்வதால்தான் அது புதியவருக்கு நல்ல வாத்தியார்.

பால் பைத்தான்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் குட்டி வாங்காமல், வளர்த்தவர் கைவிட்டதால் காப்பகங்களில் நிரம்பிக் கிடக்கும் வளர்ந்த பாம்புகளில் ஒன்றை எடுக்கட்டும். சாப்பிடுகிற பாம்பா, முன்பு என்ன நோய் இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எடுக்கலாம். அதற்கு முன் பெட்டியை வாங்கி, சூடும் ஈரமும் வைத்து, பாம்பில்லாமல் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். ராத்திரி குளிரில் எத்தனை டிகிரி இறங்குகிறது, மின்சாரம் போனால் என்ன ஆகிறது, தண்ணீர் தெளிக்க எத்தனை நாள் மறந்துபோகிறது என்று குறித்துவைக்கட்டும். அந்தக் காலிப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளவே அலுத்துப் போனவர்கள், பெட்டியை விற்றுவிட்டால் நஷ்டம் பணத்தோடு போகும்.